சவர்க்காரம் ஏன் நுரைப்பதில்லை?

“எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நுரைக்குதில்லை” என்பது யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் எமது சகோதரிகளுக்கு மாதம் எத்தனை கட்டி சவர்க்காரம் என்பதும் ஒரு பெரிய கணக்குத்தான். குற்றம் பெரும்பாலும் சவர்க்காரத்தில் அல்ல, நீரிலேயே உள்ளது.

எண்ணெயும் தண்ணீரும் சேர்வதில்லை. போத்தலில் இட்டுக் குலுக்கினால் கலந்தது போலத் தோன்றி, சற்று நேரத்தில் பிரிந்துவிடும். சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசையினுள் வால்கள் புதைய, தலைகள் நீரை நோக்கி நிற்கும். தலைகள் யாவும் மறை ஏற்றம் கொண்டவை. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் எண்ணெய்த் துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல், அலசும்போது நீரோடு போய்விடுகின்றன. தேங்காய்ப்பாலில் எண்ணெய் உடனே பிரியாதிருப்பதும் இதுபோன்றதே. அங்கே இவ்வேலையைப் புரதங்கள் செய்கின்றன.

யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறைகளில் தங்கியுள்ளது. பாறையிலிருந்து கல்சியம் கரைந்து நீரில் சேர்கிறது. இத்தகைய நீரே வன்னீர். நேர் ஏற்றமுள்ள கல்சியம் சவர்க்காரத்தின் தலையைப் பற்றிக்கொள்ள, நீரில் கரையாத வெண்படிவு உண்டாகிறது. வாளியின் விளிம்பில் ஒட்டுவதும் வெள்ளைத் துணியை மங்கச் செய்வதும் இதுவே. கல்சியத்துக்குப் போக மிஞ்சும் சவர்க்காரமே நுரைத்து அழுக்கை நீக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு போத்தலில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் ஒரே அளவு எடுங்கள். சமமான சவர்க்காரத் துருவலை இரண்டிலும் இட்டுக் குலுக்குங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

இனி நாம் செய்யக்கூடியவை:

மழைக்காலத்தில் மழைநீரைச் சேகரித்துத் துணி தோய்க்கவும் தலை முழுகவும் பயன்படுத்துங்கள். நுளம்பு பெருகாதவாறு பாத்திரத்தை நன்கு மூடுங்கள்.

கிணற்று நீரில் தோய்ப்பதானால், சவர்க்காரம் போடுமுன் சிறிதளவு சலவைச்சோடாவைக் கரையுங்கள். அது கல்சியத்தைப் படியச் செய்துவிடும். அப்பச்சோடா வேறு, சலவைச்சோடா வேறு. பட்டு, கம்பளித் துணிகளுக்கு இது ஆகாது. கையில் புண் இருந்தால் தொட வேண்டாம்.

சலவைத்தூள் வன்னீரிலும் நுரைக்கும். அதன் மூலக்கூறுகள் கல்சியத்துடன் சேர்ந்து இவ்வாறான படிவைத் தருவதில்லை.

நுரை குறைவென்று கை கழுவுவதைக் கைவிடாதீர்கள். மலசலகூடம் சென்று வந்த பின்னும், சமைக்குமுன்னும், பிள்ளைக்கு உணவூட்டுமுன்னும் சவர்க்காரம் இட்டுக் குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். சிறுவர்களை வாட்டும் வயிற்றோட்டத்தைக் குறைக்க இது பெரிதும் உதவும். 2020 இல் கொரோனா பரவியபோது கை கழுவுதல் வற்புறுத்தப்பட்டதும் காரணத்துடனேயே. அக்கிருமியின் கொழுப்பு உறையைச் சவர்க்காரத்தின் வால்கள் பிளந்து சிதைத்துவிடும்.

சவர்க்காரத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் பிள்ளையின் கை கழுவும் சவர்க்காரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.