கலாமுக்கு இரண்டாவது வாய்ப்பு நழுவியது எப்படி?

புது தில்லி: 2007 ஜூன் 20. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து, மீண்டும் போட்டியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்ட மூன்றாவது அணித் தலைவர்களிடம் அப்துல் கலாம் ஒரே ஒரு நிபந்தனையை முன்வைத்தார். வெற்றி நிச்சயம் என்றால் அது குறித்து யோசிக்கலாம் என்பதே அவர் கூறியதன் சாரம். இரண்டே நாள்களில், ஜூன் 22-ஆம் தேதி, போட்டியிடப் போவதில்லை என்று அவரே அறிவித்தார்.

அந்த இரண்டு நாள்களும் வெறும் முடிவுரைதான். இரண்டாவது பதவிக் காலத்துக்கான கதவுகள் அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வந்தன.

தேர்தலை மக்களே நேரடியாக நடத்தியிருந்தால் பேச்சே இருந்திருக்காது. 2007-இன் முதல் பாதியில் தொலைக்காட்சி நிறுவனங்கள் கேட்ட கேள்விக்குக் குறுஞ்செய்தியில் வந்து குவிந்த பதில்களும், கலாமே நீடிக்க வேண்டும் என்று மின்னஞ்சலில் சுற்றிவந்த வேண்டுகோள்களும் ஒரே பெயரைத்தான் சொல்லின. பள்ளிக் குழந்தைகளிடம் அவர் அளவுக்குப் பேசிய குடியரசுத் தலைவர் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 54-ஆவது பிரிவு குழந்தைகளுக்கும் வாக்குத் தரவில்லை. அவர்களின் பெற்றோருக்கும் தரவில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப் பேரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே அந்த உரிமை.

2007-இல் அப்படி வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் 4,896 பேர்: 776 எம்.பி.க்கள், 4,120 எம்.எல்.ஏ.க்கள். இவர்களுடைய வாக்குகளின் மொத்த மதிப்பு 10,98,882. ஒரு எம்.பி.யின் வாக்குக்கு மதிப்பு 708. எம்.எல்.ஏ.க்களின் மதிப்பு 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. தமிழக உறுப்பினருக்கு 176. சிக்கிம் உறுப்பினருக்கு வெறும் 7. வெற்றிக்குத் தேவை மொத்தத்தில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஐந்தரை லட்சம்.

இதே கணக்கு 2002-இல் கலாமுக்கு எவ்வளவு தாராளமாக இருந்தது! வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி அவரை நிறுத்தியது. காங்கிரஸ் ஆதரித்தது. சமாஜவாதி கட்சி ஆதரித்தது. தமிழகத்தில் எதிரும் புதிருமான தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே பெயருக்கு வாக்களித்தன. எதிர்த்து நின்றவர்கள் இடதுசாரிகள் மட்டுமே. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை வகித்த கேப்டன் லட்சுமி சாகலை அவர்கள் களமிறக்கினர். கலாம் பெற்றது 9,22,884. லட்சுமி பெற்றது 1,07,366.

அந்த 2002-இலும் பதவியில் இருந்த ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். கே.ஆர். நாராயணன் நீடிக்க வேண்டும் என்று இடதுசாரிகள் விரும்பினர். ஆட்சியில் இருந்த பாரதிய ஜனதா விரும்பவில்லை. ஒருமித்த கருத்து இல்லாத நிலையில் அவர் ஒதுங்கிக்கொண்டார். ஐந்தாண்டுகள் கழித்துப் பாத்திரங்கள் இடம் மாறின, காட்சி மாறவில்லை.

முன்னுதாரணம் ஒன்றே ஒன்று

மறுமுறை தேர்ந்தெடுக்கப்பட அரசியல் சட்டத்தின் 57-ஆவது பிரிவு எத்தடையும் விதிக்கவில்லை. ஆயினும் ராஜேந்திர பிரசாதுக்குப் பிறகு அந்த வாய்ப்பு யாருக்கும் கிட்டியதில்லை. 1957-இல் நேருவின் விருப்பம் ராதாகிருஷ்ணன் பக்கம் இருந்தது. கட்சியின் மூத்த தலைவர்கள் பிரசாத் பக்கம் நின்றதால்தான் அவர் தொடர முடிந்தது. பிரதமரின் விருப்பத்தை மீறிக் கட்சி முடிவெடுத்த காலம் அது.

1967-இல் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ராதாகிருஷ்ணனுக்கு இரண்டாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் கருதினார். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் அவரே விருதுநகரில் தோற்றிருந்தார். கட்சிக்குள் அவர் குரல் தளர்ந்திருந்தது. பதவியிலிருந்த ராதாகிருஷ்ணனோ, குடியரசு தின உரையில் அரசின் திறமையின்மையையும் வளங்கள் வீணடிக்கப்படுவதையும் வெளிப்படையாகவே சாடியிருந்தார். இந்திரா காந்தி ஜாகிர் உசேனைத் தேர்ந்தெடுத்தார். அரசுக்கு உறுத்தலாக அமைந்த குடியரசுத் தலைவரை அந்த அரசே மறுபடியும் நிறுத்தாது என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

கலாம் அரசை எங்கே உறுத்தினார்?

திருப்பி அனுப்பிய மசோதா

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'ஆதாயம் தரும் பதவி' விவகாரம் தில்லியை ஆட்டிப் படைத்தது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். அதே அளவுகோல் தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த சோனியா காந்தியின் பக்கமும் திரும்பியது. மார்ச் 23-ஆம் தேதி அவர் மக்களவை உறுப்பினர் பதவியையும் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியையும் துறந்தார். மே மாதம் ரேபரேலியில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்று திரும்பினார்.

இத்துடன் நின்றிருந்தால் ஒருவருடைய பிரச்னையாகவே முடிந்திருக்கும். ஆனால் புகார்ப் பட்டியலில் இடதுசாரி எம்.பி.க்கள் பலரும் இருந்தனர். சாந்திநிகேதன்–ஸ்ரீநிகேதன் வளர்ச்சி ஆணையத்தின் தலைவராக இருந்த மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜியின் பெயரும் அடிபட்டது. பல பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளிக்கும் திருத்த மசோதா அவசரமாக நிறைவேற்றப்பட்டு, ஒப்புதலுக்காகக் கலாமிடம் வந்தது.

2006 மே 30-ஆம் தேதி அவர் அதை மறுபரிசீலனைக்காக நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தக்கூடிய நியாயமான பொது அளவுகோல் வேண்டும் என்பதும், முன்தேதியிட்டு விலக்கு அளிப்பது முறையா என்பதும் அவருடைய கேள்விகள். கேள்விகளில் குறை காண்பது கடினம். ஆனால் அரசு ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாமல் மசோதாவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. இரண்டாவது முறை வந்த மசோதாவுக்கு ஒப்புதல் தருவதைத் தவிர அரசியல் சட்டத்தில் வேறு வழியில்லை. ஆகஸ்ட் 18-இல் கையெழுத்திட்டார்.

சட்டம் வந்துவிட்டது, கசப்பும் தங்கிவிட்டது. ஆட்சியைத் தலைமையேற்று நடத்திய கட்சி, வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகள் ஆகிய இரு தரப்பையும் ஒரே நேரத்தில் சங்கடப்படுத்திய செயல் அது. கலாமின் மறுதேர்தல் வாய்ப்பு முதன்முதலில் ஆட்டம் கண்டது அன்றுதான் என்பது என் கணிப்பு.

2004-இல் சோனியா காந்தி பிரதமராவதை அவர்தான் தடுத்தார் என்ற வதந்தியும் இதனுடன் சேர்ந்துகொண்டது. உண்மை வேறு. சோனியாவின் பெயரைச் சொல்லியிருந்தால் நியமிப்பதைத் தவிர தமக்கு வேறு வழி இருந்திருக்காது என்று 2012-இல் வெளியான தமது நூலில் கலாமே எழுதினார். எட்டாண்டுகள் மௌனமாக இருந்துவிட்டு அவர் தந்த விளக்கம், 2007-இல் யாருக்கும் பயன்படவில்லை.

அரசுக்கு வளைந்து கொடுக்காதவர் என்ற சித்திரத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. 2005 மே 22 நள்ளிரவில், மாஸ்கோவில் தங்கியிருந்த கலாம், பிகார் சட்டப் பேரவையைக் கலைக்கும் பரிந்துரையில் கையெழுத்திட்டார். ஒரு கூட்டம்கூட நடைபெறாத பேரவை அது. ஆளுநர் பூட்டா சிங்கின் அறிக்கையை நம்பி எடுக்கப்பட்ட அந்த முடிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. பதவி விலக முடிவெடுத்துக் கடிதமும் எழுதிவிட்டதாகவும், பிரதமர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் கைவிட்டதாகவும் கலாம் பின்னாளில் பதிவு செய்தார். அந்தக் கையெழுத்து எதிர்க்கட்சிகளின் மனத்தில் அவருக்கு எதிரான குறையாகவும் அரசின் கணக்கில் அவருக்கான வரவாகவும் பதிந்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. பாரதிய ஜனதா மன்னித்தது; காங்கிரஸ் நினைவில் கொள்ளவில்லை.

லக்னோவில் மாறிய கணக்கு

2007 மே 11. உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. 403 இடங்களில் பகுஜன் சமாஜ் கட்சி 206-ஐப் பிடித்துத் தனிப் பெரும்பான்மை பெற்றது. சமாஜவாதி 97, பாரதிய ஜனதா 51, காங்கிரஸ் 22. குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கில் இதன் பொருள் எளியது: மாயாவதியின் எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே 42,848 மதிப்பு. அவர் சில வாரங்களில் காங்கிரஸ் கூட்டணியின் வேட்பாளரை ஆதரிக்க முன்வந்ததும், கலாமின் தயவு ஆளும் தரப்புக்குத் தேவைப்படவில்லை. பொது வேட்பாளர் என்ற பேச்சும் அதோடு அடங்கியது.

இடதுசாரிகளுக்கோ அரசியல் பின்னணி உள்ள, மதச்சார்பின்மையில் ஐயத்துக்கிடமில்லாத ஒருவரே வேண்டியிருந்தது. சிவராஜ் பாட்டீலை அவர்கள் ஏற்கவில்லை. பிரணாப் முகர்ஜியை அமைச்சரவையிலிருந்து விடுவிக்கக் காங்கிரஸுக்கு மனமில்லை. சுசீல் குமார் ஷிண்டே, கரண் சிங் என்று பெயர்கள் வந்து போயின. ஜூன் 14-ஆம் தேதி, யாருடைய ஊகத்திலும் முன்வரிசையில் இல்லாத ராஜஸ்தான் ஆளுநர் பிரதிபா பாட்டீல் அறிவிக்கப்பட்டார். எதிர்முகாமில் குடியரசுத் துணைத் தலைவர் பைரோன் சிங் ஷெகாவத் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான், ஜூன் 18-ஆம் தேதி, சென்னையில் கூடிய ஐக்கிய தேசிய முற்போக்குக் கூட்டணி கலாமின் பெயரை அறிவித்தது. ஜெயலலிதா, முலாயம் சிங், சந்திரபாபு நாயுடு, ஓம் பிரகாஷ் சௌதாலா போன்றோர் சேர்ந்து அமைத்த புதிய அணி அது. அமைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. காங்கிரஸையும் பாரதிய ஜனதாவையும் ஒருசேர எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்த அணிக்கு நாடறிந்த ஒரு முகம் தேவைப்பட்டது. கலாமை விடச் சிறந்த முகம் எது?

ஆனால் கையில் இருந்தது என்ன? அ.தி.மு.க.வின் 61 எம்.எல்.ஏ.க்களின் மதிப்பு 10,736. மக்களவையில் அக்கட்சிக்கு அப்போது ஒருவர்கூட இல்லை. சமாஜவாதியின் 97 பேருக்கு 20,176, அக்கட்சியின் எம்.பி.க்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். எல்லாரையும் கூட்டினாலும் ஒரு லட்சத்தைச் சுற்றியே நிற்கும். கலாம் நின்றால் ஷெகாவத் விலகுவார், பாரதிய ஜனதாவும் ஆதரிக்கும் என்ற பேச்சு எழுந்தது. அப்படியே நடந்தாலும் ஏறத்தாழ நாலரை லட்சம். ஐந்தரை லட்சத்துக்கு எட்டாத உயரம்.

எண்களோடு வாழ்ந்த விஞ்ஞானிக்கு இந்தக் கூட்டல் தெரியாமல் இருந்திருக்காது. 'நிச்சயம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பதவி ஆசை வந்துவிட்டது என்று அன்று சிலர் எள்ளினர். வந்தவர்களைப் புண்படுத்தாமல் அனுப்ப அவர் கண்ட வழி அது என்றும் பார்க்கலாம். எனினும், அந்த இரண்டு நாள்கள் அவருக்குத் தேவையில்லாதவை. ஜூன் 20 அன்றே மறுத்திருந்தால், குடியரசுத் தலைவர் மாளிகையை அரசியலில் இழுக்க விரும்பவில்லை என்று ஜூன் 22-இல் சொன்ன வார்த்தைக்கு எடை கூடியிருக்கும்.

ஜூலை 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. சிவசேனை தன் கூட்டணியை விட்டு, மராட்டிய மண்ணைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பிரதிபாவை ஆதரித்தது. ஜூலை 21-இல் முடிவு வந்தபோது பிரதிபா பாட்டீலுக்கு 6,38,116, ஷெகாவத்துக்கு 3,31,306. மொத்த மதிப்பில் பிரதிபா பெற்றது போக மிச்சமிருந்தவை 4,60,766 மட்டுமே. வாக்களிக்காதவர்கள், செல்லாத வாக்குகள் அனைத்தும் அதில் அடக்கம்.

தமிழகத்தில் 2002-இன் ஒற்றுமை கலைந்திருந்தது. மத்திய ஆட்சியில் பங்கு வகித்த தி.மு.க. பிரதிபாவுக்கு வாக்களித்தது. ராமேசுவரத்திலிருந்து சென்ற ஒரு தமிழருக்குத் தமிழகத்தின் ஆளுங்கட்சியே கைகொடுக்கவில்லை என்ற மனக்குறையை அ.தி.மு.க. மேடைகளில் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரை வெற்றிக்கு வழியில்லாத களத்தில் முன்மொழிந்தது நட்பா, அரசியலா என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

ஜூலை 25-ஆம் தேதி கலாம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். மீண்டும் கற்பித்தலுக்குத் திரும்பினார்.

2012-இல் அதே நாடகம் மறுபடியும் அரங்கேறியது. இம்முறை மம்தா பானர்ஜியும் முலாயம் சிங்கும் ஜூன் 13-ஆம் தேதி கலாமின் பெயரைச் சொன்னார்கள். சில நாள்களிலேயே முலாயம் சிங் காங்கிரஸ் வேட்பாளர் பிரணாப் முகர்ஜியின் பக்கம் சாய்ந்தார். ஜூன் 18-ஆம் தேதி கலாம் தம் மனசாட்சி இடம்தரவில்லை என்று கூறி மறுத்தார். இந்த முறை அவர் நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.