சிற்றறையில் ஓர் இருப்புப்பாதை

ரயிலைக் கண்டு மயங்காத குழந்தை அரிது. வளர்ந்த பின்னும் அம்மயக்கம் நீங்காதவர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் சிலர் ஆசையோடு மாதிரி ரயிலை வாங்கி வந்து, ஓட்டுதற்கு இடமில்லையென்று பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். படுக்கவும் படிக்கவும் பயன்படும் ஒரே அறையில் ரயிலுக்கும் இடம் காண இயலுமா? பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள ஓர் அறையைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் அளவு. உலகில் மிகுதியாக வழங்குவது 'எச்.ஓ.' என்பது. அதில் மாதிரி, மெய்யான வண்டியின் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 'என்' என்னும் சிறிய அளவில் பெரும்பாலும் 160-இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீட்டர். சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 முதல் பல்லாண்டுகள் செய்துவந்த பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 24.5 சென்டிமீட்டர். பத்துப் பெட்டிகளைக் கோத்தால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்! நம் நீண்ட சுவரோ மூன்று மீட்டர்தான்.

அடுத்து வளைவு. 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் எச்.ஓ. வண்டி சுற்றிவர, ஒரு மீட்டர் அகலமுள்ள மேசை வேண்டும். அதனைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், அப்பால் தடம் புரண்ட வண்டியை எடுக்கக் கை எட்டாது. 75 சென்டிமீட்டருக்கு மேல் எட்டிப் பணி செய்வது கடினம். பாலத்தின் வழியே ஒரு பாதை மற்றொன்றைக் கடக்க வேண்டுமாயின், 7.5 சென்டிமீட்டர் உயர வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் நீளம் தேவை. சுவர் அதற்கும் போதாது.

ஆகவே, நெடுந்தூர ஓட்டத்தைக் கைவிட்டு, நிலையத்தில் நடைபெறும் வேலையை நாம் தேர்ந்துகொள்ளலாம். 1881-இல் முடிவுற்ற டார்ஜிலிங் மலைப்பாதையில், வளைந்து ஏற இடமில்லாத இடங்களில் வண்டியை முன்னும் பின்னுமாகச் செலுத்தியே மேலேற்றினார்கள். முன்னும் பின்னும் செல்வதும் ரயிலின் இயல்பான ஓட்டமே.

இதற்குத் தக்க சான்று, இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த 'இங்கில்நூக்' என்னும் சரக்கு நிலையம். அதில் கிளைப்பாதைகள் மூன்று: ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கும். எஞ்சின் நிற்கும் முன்பாதையில் அதனோடு மூன்று பெட்டிகளுக்கே இடம். பாதை மாற்றிகள் இரண்டே. எட்டுப் பெட்டிகளுள் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே அவற்றைக் கோக்க வேண்டும். இவ்வாறு அமையக்கூடிய வரிசைகள் 6,720! குட்டையான பெட்டிகளாயின், ஒன்றரை மீட்டர் நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகையில் இவையெல்லாம் அடங்கும்.

பலகையை அறுக்குமுன், காகிதத்தில் முழு அளவில் பாதையை வரைந்து, பெட்டிகளை அதன்மேல் நிறுத்திப் பார்ப்பது நலம். கதவு திறக்கும் இடத்தையும் சன்னலையும் மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். பலகையை இரு துண்டுகளாகச் செய்து மரையாணியால் இணைத்தால், விருந்தினர் வரும்போது கழற்றிக் கட்டிலின் கீழே வைக்கலாம். வீட்டாருக்கும் இடையூறில்லை, ரயிலும் பரணில் உறங்க வேண்டியதில்லை.