பழைய பாலிசியை முதலில் பிரித்துப் பாருங்கள்

“ஐயா, உங்க மெடிக்ளைம் கேன்சருக்கெல்லாம் பத்தாதுங்க.” ஓய்வுபெற்றவர் வீட்டில் ஏஜென்டின் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. பத்துமா, பத்தாதா என்பது பீரோவில் இருக்கும் அந்தப் பாலிசியைப் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிற ஏஜென்டிடம் மட்டுமே மேற்கொண்டு பேச வேண்டும் என்பேன்.

படித்தால் என்ன தெரியும்? மாத்திரையாகத் தரும் கீமோ, இம்யூனோதெரபி உள்ளிட்ட 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் சொல்லிவிட்டது. ஆனால், அவற்றுக்கு உச்சவரம்பு வைக்கத் தடையில்லை. அந்த வரம்பு எவ்வளவு என்பதைத்தான் தேட வேண்டும். மொத்தத் தொகையே குறைவு என்றால், அதற்கு மேல் போகும் செலவைத் தாங்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி எடுப்பதே மேல். அது கேன்சருக்கு மட்டுமல்ல, மாரடைப்புக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் கைகொடுக்கும்.

அப்படியானால் கேன்சர் பாலிசியே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். திருநெல்வேலியிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து போகும் குடும்பத்தைப் பாருங்கள். கீமோ முடியும் வரை வாடகை அறை, ரயில் கட்டணம், கடையைப் பூட்டிவிட்டு அப்பாவுடன் வந்து நிற்கும் மகனின் வருமானம். இதெல்லாம் மெடிக்ளைம் பில்லில் ஏறாது. கேன்சர் பாலிசியோ பெரும்பாலும் பில் கேட்பதில்லை. நோய் உறுதியானால் பேசிய தொகையைக் கையில் கொடுக்கிறது.

எல்.ஐ.சி. 2017-ல் கொண்டுவந்த ‘கேன்சர் கவர்’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு எடுத்தவருக்கு ஆரம்பநிலை என்றால் இரண்டரை லட்சம். முற்றிய நிலை என்றால் 10 லட்சம், ஏற்கெனவே வாங்கியது போக. அதற்கு மேல் மாதம் 10,000 ரூபாய், 10 வருடங்களுக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 65 வயதுக்கு மேல் சேர முடியாது. முதல் 180 நாட்களுக்குள் நோய் தெரியவந்தால் பணம் கிடையாது. 75 வயதோடு பாதுகாப்பும் முடிந்துவிடும். எழுபதுகளின் பின்பாதிதான் பயமென்றால் அங்கே இந்தப் பாலிசி இருக்காது. இதைப் பிரீமியம் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது விண்ணப்பப் படிவம். சர்க்கரை, ரத்த அழுத்தம், என்றோ எடுத்த பயாப்ஸி என எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று ஏஜென்டே டிக் அடித்துவிட்டு, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவது நடக்கிறது. கிளைம் வரும்போது மாட்டிக்கொள்பவர் பெரியவர்தான்.

பாலிசி வந்ததும் கூடவே வரும் படிவ நகலைப் பிள்ளைகள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். தவறு இருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லலாம். வேண்டாமென்று தோன்றினால், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.