கரகரப்பிலும் ஒரு சுருதி

திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் பலருக்கு லட்டுக்கு அடுத்தபடியாக நினைவில் நிற்பது, விடியற்காலையில் கூம்பு ஒலிபெருக்கி வழியே வரும் சுப்ரபாதம். எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராதா விஸ்வநாதனும் பாடி 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட இசைத்தட்டை இன்று நாம் வீட்டில் துல்லியமாகக் கேட்கிறோம். ஆனாலும் ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் தாயாருக்குத் திருப்தியில்லை. "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மலை அடிவாரத்துல கேட்ட மாதிரி இல்லையே" என்கிறார்.

அவர் தேடுவது குரலை அல்ல, குரலோடு சேர்ந்து வந்த கரகரப்பை. அது எப்படி உண்டாகிறது?

அடிவாரத்துக் கடைகளில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரை முழு அளவுக்கு முடுக்கி வைப்பார்கள். அதனால் கொடுக்க முடிந்த மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒலி அலை அந்த எல்லையைத் தாண்டும்போது அதன் தலை சீவப்பட்டுத் தட்டையாகிறது. அப்படிச் சீவினால் ஒலி குறையவில்லை, கூடுகிறது! 200 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு தூய சுரத்தை மேலும் கீழும் சமமாகச் சீவினால் 600, 1000, 1400 என்று ஒற்றைப்படை மடங்குகளில் புதிய சுரங்கள் பிறக்கும். 200ஐ ஸட்ஜமாகக் கொண்டால் 600 மேல் ஸ்தாயிப் பஞ்சமம், 1000 அதற்கும் மேலே அந்தர காந்தாரம். ஒரு பக்கம் மட்டும் சீவினால் 400, 800 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும்.

இதே காரியத்தை மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். தனித்தனிப் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி இது. இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார்.

சீவும் வேலைக்கு இரண்டு டயோடுகளும் ஒரு ரெசிஸ்டரும் போதும். டயோடுகளை எதிரெதிர்த் திசையில் வைத்து, ஒலி செல்லும் வழியிலிருந்து தரைக்கு இணைக்க வேண்டும். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும்; அதற்கு மேற்பட்டது தரைக்குப் போய்விடும். ஜெர்மானியம் டயோடு சுமார் 0.3 வோல்ட்டிலேயே மெல்லத் திறப்பதால், சீவல் சற்று மழுங்கலாக இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இந்தக் கருவிதான் பொழுதுபோக்கு. பாட்டிக்காகச் சுப்ரபாதத்தை டயோடுகள் வழியே விட்டாள். "ஏன் கண்ணு, அந்தக் குரலைப் போட்டு இப்படிக் கிழிக்கிறே?" என்று பாட்டி முகம் சுளித்தார்.

காரணம் இதுதான். இரண்டு சுரங்கள் சேர்ந்து சீவப்படும்போது அவற்றின் மடங்குகள் மட்டுமன்றி, கூட்டல் கழித்தலில் வரும் சுரங்களும் பிறக்கின்றன. 200, 300 என்ற ஸ-ப ஜோடியில் 100, 400 பிறக்கும். இரண்டுமே ஸட்ஜம் என்பதால் சுருதி கெடாது. 200, 225 என்ற ஸ-ரி ஜோடியிலோ 175, 250 பிறக்கும். பாடகர் பாடாத சுரங்கள் இவை. இரண்டு குரல்களும் பக்கவாத்தியமும் சேர்ந்த பாட்டில் இது இரைச்சலாகிவிடும்.

இங்கேதான் ஃபில்டர் கைகொடுக்கிறது. கூம்பு ஒலிபெருக்கியில் அடிநாதமும் உச்ச ஒலிகளும் சரியாக எழுவதில்லை. அதைப்போலவே டயோடுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வைத்துத் தாழ்ந்த ஒலிகளைத் தடுத்தால், அவை மற்ற ஒலிகளையும் சேர்த்துக் கசக்காது. டயோடுக்குப் பின்னால் இன்னொன்று வைத்தால், புதிதாகப் பிறந்த கூர்மையான மேற்சுரங்கள் தணியும். 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் இணைத்துச் சுமார் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கலாம். அதே அளவு கெபாசிட்டரை 1 கிலோ ஓமுடன் இணைத்துச் சுமார் 3,400க்கு மேலே உள்ளதைக் குறைக்கலாம். பழைய தொலைபேசிக் குரலின் எல்லையும் ஏறத்தாழ இதுதான்.

என் மகள் இரண்டு ஃபில்டர்களையும் வைத்து, சீவாத அசல் ஒலியையும் பாதிக்குப் பாதி கலந்தாள். பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். "கீழத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் நடந்தா அலிபிரி" என்றார். பூஜை அறையில் மட்டும் பழையபடி சுத்தமான பாட்டுதான் வேண்டுமாம்!

கரகரப்பு என்றாலே குறை என்று நாம் எண்ண வேண்டியதில்லை. நம் தம்புராவில் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலை எதற்கு வைக்கிறோம்? தந்தி குதிரையை உரசி மேற்சுரங்களை எழுப்பத்தானே! தந்தியை மீட்டும் இடத்தின்படி எழக்கூடாத மேற்சுரங்களும் தம்புராவில் எழுவதை 1921இலேயே சர் சி.வி. ராமன் எடுத்துக்காட்டினார். நூல் சரியான இடத்தில் இருந்தால் நாதம். சற்று விலகினால் வெறும் தந்திச் சத்தம். டயோடுக்கும் ஃபில்டருக்கும் உள்ள உறவும் அப்படித்தான்.

ஆகவே உங்கள் பிள்ளைகளின் அறையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால், கதவைச் சாத்தச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஃபில்டரை டயோடுக்கு முன்னால் வைத்தாயா, பின்னால் வைத்தாயா?" அதன்பிறகு அவர்களே உங்களை உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள்.