வரிசையில் நிற்கும் பேச்சு

வெளிநாட்டிலிருக்கும் உறவினரோடு இணையத்தின் வழியாகப் பேசியிருக்கிறீர்களா? சில சமயம் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்குவீர்கள், ஒன்றாக நிறுத்துவீர்கள். "நீங்க சொல்லுங்க." "இல்லை, நீங்க சொல்லுங்க." இந்தத் தடுமாற்றத்தில் உங்கள் இருவர் மீதும் குற்றமில்லை. உங்கள் குரல் வழியில் எங்கோ வரிசையில் நின்றுவிட்டு வருகிறது.

பழைய தொலைபேசி முறையில் பேசுவோர் இருவருக்கும் ஒரு தடம் முழுதாக ஒதுக்கப்பட்டது. இருவரும் மௌனமாக இருந்தாலும் அது அவர்களுக்காகக் காத்துக் கிடக்கும். எத்தனை தடங்கள் இருந்தால் எத்தனை அழைப்புகளுக்கு இடமில்லாமல் போகும் என்பதைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் 1917-இல் ஒரு சூத்திரமாகத் தந்தார்.

பொட்டல முறை வேறு. உங்கள் குரல் வினாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்படுகிறது என்று கொள்வோம். 20 மில்லி செகண்டுப் பேச்சு 160 பைட் ஆகும். அதை ஒரு பொட்டலமாகக் கட்டி, முகவரி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். தடம் யாருக்கும் சொந்தமில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் உங்கள் குரல் பிறருடைய கடிதங்களோடும் படங்களோடும் வரிசையில் நிற்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? ஒரு தடம் வினாடிக்குச் சராசரியாக 100 பொட்டலங்களை அனுப்ப வல்லது என வைத்துக்கொள்வோம். வருபவை 50 மட்டுமே என்றால் யாரும் காக்க வேண்டாம் என்று தோன்றும். எல்லாம் ஒரே நீளமாக, ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது சரிதான். ஆனால் அவை அப்படி வருவதில்லை. மூன்று சேர்ந்தாற்போல் வரும். பிறகு சற்று நேரம் ஒன்றுமே வராது.

வருகையும் நீளமும் எதேச்சையானவை என்று கொண்டால் கணக்கு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. அனுப்பும் வேகத்திலிருந்து வரும் வேகத்தைக் கழியுங்கள். மீதியால் 1-ஐ வகுத்தால், ஒரு பொட்டலம் அந்தச் சந்திப்பில் கழிக்கும் சராசரி நேரம் வினாடியில் கிடைக்கும். 50 பொட்டலங்கள் வந்தால் 20 மில்லி செகண்டு. 80 வந்தால் 50. 90 வந்தால் 100. 95 வந்தால் 200. 99 வந்தாலோ ஒரு முழு வினாடி! கடைசியில் சேர்ந்த நான்கு பொட்டலங்கள் தாமதத்தை ஐந்து மடங்காக்கிவிட்டதைப் பாருங்கள்.

ஒரு சந்திப்புக்குச் சரி. தொடர்ச்சியாகப் பல சந்திப்புகள் இருந்தால்? ஒரு பொட்டலத்தின் நீளம் வழியில் மாறுவதில்லை. அதனால் கணக்கு சிக்கலாகிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்த லெனார்ட் கிளைன்ராக், ஒவ்வொரு சந்திப்பிலும் பொட்டலத்துக்குப் புதிதாக ஒரு நீளம் அமைகிறது என்று வைத்துக்கொண்டார். இது உண்மையல்ல என்பது அவருக்கே தெரியும். ஆயினும், கணிப்பொறியில் நடத்திப் பார்த்தபோது விடை ஏறக்குறையப் பொருந்தியது. நல்ல கணித மாதிரிக்கு இவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது.

கடிதத்துக்குச் சராசரி போதும், பேச்சுக்குப் போதாது. மேலே 80 பொட்டலங்கள் வந்த கணக்கில் சராசரி 50 மில்லி செகண்டுதான். ஆனால் அதே மாதிரியின்படி நூற்றுக்கு ஐந்து பொட்டலங்கள் 150 மில்லி செகண்டையும் தாண்டும். பந்தி முடிந்த பிறகு வரும் சாம்பாரால் யாருக்கு என்ன பயன்? ஆகவே கேட்கும் முனையில் முதலில் வந்த பொட்டலங்களைச் சற்று நிறுத்திவைத்து, பிந்தியவற்றுக்கு அவகாசம் கொடுத்தே ஒலியாக்குகிறார்கள். அவகாசம் கூடினால் சொற்கள் விழுவது குறையும். உரையாடலின் தாமதம் கூடும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேலேயுள்ள செயற்கைக்கோள் வழியே போனால், எந்த வரிசையும் இல்லாமலே சுமார் 240 மில்லி செகண்டு ஆகிவிடுகிறது.

பொட்டலத்தின் அளவும் ஒரு தலைவலிதான். சிறிதாகக் கட்டினால் விரைவில் நிரம்பும்; ஆனால் முகவரியே பாதையை அடைத்துக்கொள்ளும். 1980-களின் பிற்பகுதியில் ஏ.டி.எம். என்ற முறைக்காக (வங்கியில் பணம் தரும் இயந்திரம் அல்ல) இதுபற்றிப் பெரிய வழக்கே நடந்தது. 64 பைட் வேண்டும் என்றது அமெரிக்கத் தரப்பு. ஐரோப்பியத் தரப்பு, முக்கியமாகப் பிரான்சு, 32 போதும் என்றது. பேச்சால் 64 பைட்டை நிரப்ப 8 மில்லி செகண்டு ஆகும். 32-க்கு 4 போதும். தாமதம் கூடினால் பேசுபவருக்குத் தம் குரலே எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். அதை அடக்கத் தனிக் கருவிகள் வாங்க வேண்டும். பிரான்சு தன் நாட்டுக்குள் அந்தச் செலவைத் தவிர்க்க விரும்பியது. ஆனால் 5 பைட் முகவரியைச் சேர்த்தால் சிறிய பொட்டலத்தில் நூற்றுக்கு பதின்மூன்றரைப் பங்கு வீண். பெரியதில் ஏழே சொச்சம்.

1989-இல் முடிவு வந்தது. எந்தச் சூத்திரமும் அதைத் தரவில்லை. 64-ஐயும் 32-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, 48 என்று வைத்துக்கொண்டார்கள்.