முதல் மாதிரிப் படகு எது?

ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்குக் கடல் தொலைவு. ஆனால் ஒகேனக்கல் பரிசல் பக்கம்தான். அதன் அடி அகன்று தட்டையாக இருப்பதால், பாரம் சமமாக இருக்கும்வரை எளிதில் சாயாது. வட்ட வடிவமானதால் நேரே செல்லாமல் சுழலும்.

மாதிரிப் படகு செய்யும் பொருள்கள் அடங்கிய பெட்டி வாங்குவோருக்கு இதில் இரு பாடங்கள் உண்டு. அடி தட்டையாக, அகலமாக இருக்கட்டும். உடல் நீண்டு, முனை கூராக இருக்கட்டும். பாய்மரக் கப்பல் அழகுதான். ஆனால் அதன் வளைந்த பலகைகளையும் நூற்கயிறுகளையும் பொருத்துவதற்குள் புதியவரின் பொறுமை தீர்ந்துவிடும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். படகின் அடி 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் எனில் பரப்பு 160 சதுர செ.மீ. படகு 1 செ.மீ. அமிழ்ந்தால் 160 கிராம் நீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, மோட்டார், பாட்டரி உட்பட மொத்த எடை 320 கிராம் என்றால் 2 செ.மீ. அமிழும். முனை கூரானால் இன்னும் சற்றுக் கூடுதலாக அமிழும். பக்கச்சுவரின் உயரம் 3 செ.மீ. மட்டுமே என்றால் சிற்றலையும் உள்ளே புகும், 5 செ.மீ. இருந்தால் நல்லது.

கனமான பாட்டரியை அடித்தளத்தில், நடுக்கோட்டில் வையுங்கள். ஈர்ப்பு மையம் தாழத் தாழப் படகு நிலையாக நிற்கும்.

வெள்ளோட்டத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே நடத்துங்கள். கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரின் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவதுண்டு, ஆழமும் ஆபத்தானது. தொட்டியில் படகு ஒரு பக்கம் சாய்ந்தால், பாட்டரியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். காரணம் உங்களுக்கே புரியும்!