விந்துக் கொடை

விந்துக் கொடை என்பது, ஒரு பெண் கருத்தரிப்பதற்காக அவரது கணவர் அல்லாத வேறோர் ஆண் தன் விந்தை வழங்குவதாகும். கணவரின் விந்தில் உயிரணுக்கள் இல்லாதபோதோ, கடுமையான மரபு நோய் பிள்ளைக்குச் செல்லக்கூடும் எனும்போதோ இம்முறை நாடப்படுகிறது.

கொடையாளியைத் தேர்தல்

இந்தியாவில் இது துணை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 என்பதற்கு உட்பட்டது. கொடையாளி 21 முதல் 55 வரையிலான அகவையினராக இருத்தல் வேண்டும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி முதலிய தொற்றுகளுக்கான சோதனை கட்டாயம். பதிவுபெற்ற வங்கியில் விந்து திரவ நைதரசனில் −196° செல்சியசில் உறைய வைக்கப்படுகிறது. ஒருவரது விந்தை ஒரு தம்பதியருக்கு மேல் வழங்கலாகாது. குருதி வகை, தோற்றம் ஆகியவை ஒப்பிடப்படினும் கொடையாளியின் அடையாளம் தெரிவிக்கப்படுவதில்லை. பிறக்கும் குழந்தை சட்டப்படி அத்தம்பதியரின் குழந்தையே. கொடையாளிக்குப் பெற்றோர் உரிமை இல்லை.

காத்திருக்கும் காலம்

பிள்ளைப்பேற்றுக்கான ஏக்கம் பழமையானது. கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தைச் சேர்ந்த அச்சுத களப்பாளர், திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடி வழிபட்டு மெய்கண்டாரைப் பெற்றார் என்பது சைவ மரபு. இன்றும் சிதம்பரம் வட்டாரத்துத் தம்பதியருள் பலர் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் சேர்ந்தே செல்கின்றனர்.

குறை ஆணிடம் இருப்பினும் பழி பெரும்பாலும் பெண்மீதே விழுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே இருவரும் சோதனை செய்துகொள்ளல் நன்று. குறையற்ற இணையருக்கும் ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றே. எனவே ஒருமுறை தவறுவது எவர் பிழையும் அன்று. எத்தனை முறை முயல்வது, யாரிடம் சொல்வது, பிள்ளையிடம் எப்போது கூறுவது என்பவற்றை ஆலோசகர் முன்னிலையில் முன்னரே பேசி முடிவெடுப்பது மனச்சுமையைக் குறைக்கும்.